எறும்பு ஊரும் கை

ஜூன் 4

அப்பாவின் அறைக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. மாமாவின் அலுவலகத்தில் கழித்துப் போட்டது. பக்கவாதத்தில் வலக்கை மரத்துப்போன பஸ் டிரைவருக்குப் பொழுது போக வேண்டுமே – அம்மாவின் யோசனை.

சுவரில் பழைய பிளக் பாயிண்ட், இரண்டே ஓட்டை. கம்ப்யூட்டருக்கு மூன்று முள். மாமா சட்டைப்பையிலிருந்து ஒரு கன்வர்ட்டரை எடுத்துச் செருகினார்.

“அப்ப மூணாவது பின் எதுக்கு மாமா?”

“அது ஒப்புக்குச் சப்பாணி, மருமகளே.”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அப்பாதான் சிரித்தார். “வீட்டுக்கு ஒரு சப்பாணி போதாதா மச்சான்?”

ஜூன் 5

இடக்கையால் சீட்டு விளையாடினார். தோற்றார். கம்ப்யூட்டர் கள்ளாட்டம் ஆடுகிறதாம்.

ஜூன் 9

“பாப்பா, இங்க வா.”

வலக்கை தொங்காமல் இருக்க, அம்மா அதைத் தூக்கி கம்ப்யூட்டரின் இரும்புப் பெட்டிமேல் வைப்பாள். அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு.”

“எங்கப்பா?”

“விரல்ல. இந்தக் கை விரல்ல.”

அம்மா அழுதுவிட்டாள். “எதுக்குடி ஒப்பாரி? வண்டியா கவுந்திடுச்சு?” என்று அதட்டினார் அப்பா.

ஜூன் 11

டிப்போவிலிருந்து மேலாளர் பேசினார். உடல்நிலையைச் சொல்லி ஓய்வு வாங்கிக்கொள்ளலாமே என்றார். அப்பா போனை என்னிடமிருந்து பிடுங்கினார்.

“கை வருது சார். என் வண்டிய யாருக்கும் குடுத்துடாதீங்க.”

மாதக் கடைசிவரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஜூன் 14

எறும்பு படுக்கையில் வருவதில்லை. சாப்பிடும்போது வருவதில்லை. கம்ப்யூட்டர் முன்னால் மட்டும். ஏன்?



ஜூன் 15

ஈரத்துணியால் மேசை துடைத்தேன், வெறுங்காலோடு. பெட்டியில் விரல் பட்டதும் ஜிவ்வென்றது. எனக்கும்.

டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். வெறும் இரும்பில் அதன் சின்ன விளக்கு எரிந்தது.

கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோகத்தான் அந்த மூன்றாவது முள், எர்த். அதற்கு வழியில்லை. இத்தனை நாளும் அது அப்பா வழியாகப் போயிருக்கிறது. அவரும் வெறுங்கால், சிமெண்ட் தரை. அம்மாவுக்கு எப்போதும் ரப்பர் செருப்பு; அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். இனி சொல்ல வேண்டும். எப்படி? உங்கள் நம்பிக்கைக்கு எர்த் இல்லை என்றா? – நல்ல வாக்கியம். எழுதியதற்கு வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 16

எலக்ட்ரீஷியன் சமையலறையிலிருந்து எர்த் ஒயர் இழுத்து, மூன்று ஓட்டை பிளக் பாயிண்ட் பொருத்தினார். டெஸ்டர் எரியவில்லை.

சொல்லிவிட்டேன்.

“ஓ,” என்றார் அப்பா. பெட்டியைப் பார்த்தபடி, “அப்ப அது கரண்டா.”

மாலையில் உடற்பயிற்சி கொடுக்கும் அக்கா வந்தார். “கரண்டு தெரிஞ்சுதே, அப்ப உணர்வு கொஞ்சம் இருக்குன்னுதானே அர்த்தம்?” என்று கேட்டேன். “அப்படியும் சொல்லலாம்” – என் முகத்தைப் பார்க்காமல்.

அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் ஒவ்வொரு விரலாகத் தடவினார். தடவி முடித்து, பஞ்சைக் கூடையில் போட்ட பிறகு அப்பா கேட்டார்:

“ஆரம்பிங்க. ஏன் நின்னுட்டீங்க?”

ஜூன் 20

அலமாரியில் போட்டிருந்த கன்வர்ட்டர் மறுபடி பிளக் பாயிண்டில்; எர்த் முள்ளுக்கு மறுபடி வழியில்லை. ஒற்றைக் கையால் எவ்வளவு நேரம் போராடினாரோ. நான் போட்டுவிட்ட ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டு, கையைப் பெட்டிமேல் வைத்து உட்கார்ந்திருந்தார்.

“பைத்தியமாப்பா உங்களுக்கு? செத்துப்போயிடுவீங்க!”

கத்திவிட்டேன். அப்பாவிடம் இதற்குமுன் கத்தியதில்லை.

“கொஞ்ச நேரம்மா,” என்றார். “அது ஒண்ணுதான தெரியுது.”

சுவிட்சை அணைத்தேன். அவர் கையை எடுக்கவில்லை.

ஜூன் 21

கன்வர்ட்டரைச் சுத்தியலால் உடைத்தேன். அம்மா துண்டுகளைப் பெருக்கி எடுத்தாள்.

ஜூன் 29

காலையிலிருந்து அப்பா டிப்போவுக்குக் கடிதம் தட்டச்சு செய்கிறார். இடக்கையின் ஒற்றை விரல். காலில் செருப்பு. வலக்கை மடியில்.

பின்னால் நின்று படித்தேன். ஓய்வுக்குச் சம்மதம் என்று ஒரே வரி. அதன் கீழே, வண்டியை எடுக்கப்போகிற டிரைவருக்கு:

“ரெண்டாவது கியர் முரண்டு பிடிக்கும் தம்பி. அடிக்காதீங்க. கிளட்சை இன்னொரு தடவை மிதிச்சா, தானா விழும்.”