சறோ அக்காவின் மெத்தைக்கு வெயில்

ஓகஸ்ட் 5, செவ்வாய்
சோளகக் காற்று. முற்றமெல்லாம் புழுதி. நடக்க முடியாதவர்களுக்கான எங்கள் இல்லத்தின் கூரையில் சோலார் பனல் ஏறுகிறது. கிளிநொச்சியிலிருந்து வந்த கரன் காலையிலிருந்து மேலேதான். தேத்தண்ணீரை ஏணியில் ஏறிக் கொடுத்தேன்.

இன்றும் கரண்ட் போனது. சறோ அக்காவின் காற்று மெத்தைப் பம்ப் நின்றது. அவாவுக்கு முள்ளந்தண்டில் காயம், இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. மெத்தை இறங்கினால் படுக்கைப்புண். போன மாரியில் வந்தது இப்போதுதான் ஆறியிருக்கிறது. இன்னொன்று வந்தால் தாங்கமாட்டா. கரண்ட் வரும்வரை கையால் புரட்டிப் புரட்டிப் படுக்க வைத்தேன். அவாவுக்கோ என் கை உளையுமே என்ற கவலை.

வாங்க: தேங்காய், கற்பூரம், பஞ்சு, டெற்றோல்.

6, புதன்
வேலை முடிந்தது. பற்றரி பிறகுதானாம். வெயில் உள்ளவரை ஓடும். எங்களுக்குக் கரண்ட் போவதே பகலில்தான், போதும். பணம் அனுப்பியவர்கள் கனடாவில் இருக்கும் முரசுமோட்டை ஊர் ஆட்கள். நன்றாக இருக்கட்டும்.

இல்லத் தலைவர் சோலார் சுவிட்ச் போடக் கோயில் ஐயரிடம் சுபநேரம் கேட்டு வந்தார். நாளை விடிய ஐந்தேகால். எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான்.

7, வியாழன்
நிறைகுடம், குத்துவிளக்கு, பொங்கல், எல்லாம் தயார். நல்ல இருட்டு. தலைவர் மெயினை நிறுத்திவிட்டு சோலார் சுவிட்சைப் போட்டார். ஒன்றுமில்லை. மறுபடி போட்டார். பழுது என்றே நினைத்தேன். தலைவர் கரனுக்கு போன் எடுத்தார். நித்திரைக் குரல், எல்லோருக்கும் கேட்டது.

"அண்ணை, ஐயரிட்ட நேரம் கேட்டனீங்கள், சரி. சூரியனிட்டக் கேட்டனீங்களோ?"

சறோ அக்கா சிரித்துப் புரையேறி, நான் முதுகு தடவி, ஒரே அமளி. மெயினைத் திரும்பப் போட்டுவிட்டுப் பொங்கலைத் தின்றபடி விடியக் காத்திருந்தோம். வெயில் நன்றாக ஏறியபின் மறுபடி சுவிட்ச். பம்ப் ஓடியது! தலைவர் கண்ணைத் துடைத்தார். கற்பூரப் புகையாம்.

9, சனி
உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ரேடியோ பாட்டின் நடுவில் நின்றது. கரண்ட்! சவர்க்காரக் கையோடு உள்ளே ஓடினேன். பம்ப் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சறோ அக்கா கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"போனால் போகட்டும். நீ கொஞ்சம் இரன்."

கதிரையில் உட்கார்ந்தேன். கரண்ட் போன நேரத்தில் நான் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.