வேண்டாம் என்று ஒரு படிவம்

பிப்ரவரி 3, திங்கள்
பள்ளியில் பல் பரிசோதனை. ஒன்றாம் வகுப்பில் முப்பத்தொரு வாய்களைப் பார்த்தாயிற்று. பதினான்கு பேருக்குச் சொத்தை. ஒருவன் கடைவாய்ப் பல்லில் மிளகு அளவு குழி. "இங்கதான் சாப்பாடு போய் ஒளிஞ்சுக்கும்" என்று பெருமையாகக் காட்டினான்.
நாளை முதல் தினமும் வகுப்பிலேயே பல் துலக்கல். பட்டாணி அளவு பற்பசை. துப்பலாம், கொப்பளிக்கக் கூடாது; பசையின் பலன் போய்விடும். அடுத்த வாரம் சொத்தையைத் தடுக்கப் பல்லில் ஃப்ளோரைடு பூச்சு.
தலைமையாசிரியை, "பத்து நிமிஷம் பாடம் போகுதேம்மா" என்றார்.
"பல்வலி வந்தா நாள் முழுக்கப் போகும் மேடம்" என்றேன்.
இங்கே நடத்திக் காட்டினால் வட்டாரத்தின் மற்ற ஆறு பள்ளிகளும் இந்தத் திட்டத்துக்குக் கிடைக்கும். காட்டுவேன்.

பிப்ரவரி 7, வெள்ளி
பூச்சுக்கு முப்பது வீடுகளில் சம்மதம். ஒரே படிவத்தில் 'வேண்டாம்'. வாயாடி — நான் வைத்த பெயர்தான் — அவள் வீடு. அப்பா எலக்ட்ரீஷியன். காரணம் எழுதவில்லை. பல் துலக்க மட்டும் சரி என்றிருக்கிறார். அவர் பிள்ளை, அவர் இஷ்டம்.

பிப்ரவரி 12, புதன்
தப்பு பண்ணிட்டேன்.
சம்மதம் தந்தவர்களில் ஒருத்திக்கு இன்று காய்ச்சல், வரவில்லை. ஆக இருபத்தொன்பது பேருக்குத்தான் பூசியிருக்க வேண்டும். முடித்துவிட்டு எண்ணினால் முப்பது! வராதவளின் முறைக்கு வாயாடி வந்து உட்கார்ந்திருக்கிறாள்.
"எல்லாருக்கும் பூசுனீங்க. எனக்கு மட்டும் ஏன் இல்ல?"
அவள் குழந்தை. பெயரைக் கேட்காமல் பூசியது நான்.
என் வீட்டுக்காரர், "உடம்புக்கு ஒண்ணும் ஆகாதுல்ல? பேசாம விட்டுடேன்" என்கிறார். ஆகாதுதான். அதுக்காக? அந்த மனுஷன் எழுதினது ஒரே வார்த்தை. அதைக்கூட நான் —
நாளைக்கே போய்ச் சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரி 13, வியாழன்
வாயாடியின் அப்பா ஒரு புதுக் கட்டடத்தின் மாடியில் வயர் இழுத்துக்கொண்டிருந்தார். ஏணியை விட்டு இறங்கட்டும் என்று நின்றேன். இறங்கியதும் சொன்னேன். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. அதுதான் சுட்டது.
"மூத்தவனுக்கு ஒரு முகாம்ல எங்களைக் கேக்காம மாத்திரை குடுத்தாங்க. உடம்பெல்லாம் தடிச்சு, மூச்சுத் திணறி, பொழைச்சதே பெரிசு. அதனாலதான் வேண்டாம்னு எழுதினேன். நீங்களும் கேக்கல."
பாப்பாவுக்கு ஒன்றும் இல்லை என்பதை மட்டும் மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு நேரே பள்ளிக்குப் போனார். மாலையே திட்டம் நிறுத்தம்.

பிப்ரவரி 19, புதன்
பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன். அடுத்தவர்களிடம் அதைச் செய்யாதீர்கள் என்று சொல்கிற ஆள் நான்.

பிப்ரவரி 25, செவ்வாய்
பெற்றோர் கூட்டம். ஒன்றையும் மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பின்வரிசையிலிருந்து எலக்ட்ரீஷியன் எழுந்தார்.
"மெயினை ஆஃப் பண்ணினாலும் டெஸ்டர் வெச்சுப் பாக்காம நாங்க வயரைத் தொட மாட்டோம். இங்கயும் ஒருத்தர் படிவத்தைப் படிக்கட்டும். இன்னொருத்தர் பிள்ளைகிட்டயே பேரைக் கேக்கட்டும். ரெண்டும் ஒத்துப்போனா பூசுங்க."
தலைமையாசிரியை குழம்பினார். "அப்போ நிறுத்த வேண்டாங்கறீங்களா?"
"எங்கேம்மா நிறுத்துறது? பல்லு தேய்ச்சுட்டு எம்பொண்ணு முன்னாடி 'ஈ'ன்னு காட்டினாத்தான் என்னை வேலைக்கே விடுறா."
கூட்டமே சிரித்தது. நானும், ஒரு வழியாக.

பிப்ரவரி 26, புதன்
மறுபடி தொடங்கியாயிற்று. அவர் சொன்ன முறையைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். இதை நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டாமா? வேண்டும். சரி, இப்போதாவது.

ஜூன் 17, செவ்வாய்
அதே பிள்ளைகள், இப்போது இரண்டாம் வகுப்பு. இன்று ஒரு பிரஷ்கூடத் தொலையவில்லை. சரித்திரம்!

செப்டம்பர் 4, வியாழன்
மறு பரிசோதனை முடிந்தது. புதிதாகச் சொத்தை இரண்டே பேருக்கு. இரண்டு பள்ளிகள் தாமாகவே கூப்பிட்டிருக்கின்றன. மீதி நான்கும் வரும்.
அடுத்த சுற்றுப் பூச்சுக்கான படிவங்களும் வந்துவிட்டன. வாயாடி வீட்டுப் படிவத்தைத்தான் முதலில் தேடினேன், வெட்கமென்ன. 'சம்மதம்'. கீழே பென்சிலில்: "நான் பக்கத்தில் நிற்கும்போது மட்டும்."
அவள் அப்பாவைத் திங்கட்கிழமை பத்து மணிக்கு வரச் சொன்னேன். ஒன்பதுக்கே வருகிறாராம். பூச்சு போடும் அறையில் வெளிச்சம் போதவில்லை என்று மகள் சொன்னாளாம். முதலில் விளக்கை மாற்றிவிடுகிறாராம்.