மண்டோருக்கு ஊசி போட்ட சனிக்கிழமை

கோலா சிலாங்கூர்
30.9.1986

அன்பு மகள் கலாவதிக்கு அப்பா எழுதுறது. இங்கே நான் சுகம், மண்டோர் சனிக்கிழமை மத்தியானத்துலேர்ந்து மறுபடியும் சுகம், லண்டன் குளிர்ல நீயும் சுகமா இருக்கணும்னு பெருமாளைக் கேட்டுக்குறேன். அவருக்கும் எனக்கும் இப்ப பேச்சுவார்த்தை அவ்வளவு சரியில்லை, ஆனாலும் உன் விஷயத்துல கேட்டுத்தானே ஆகணும். உன் கடுதாசி வந்து மூணு வாரம் ஆச்சு. அம்மா விழுந்த அன்னிக்கு ஊசி போட்டுக்கிட்டாங்களா, பசியாறினாங்களா, நீங்க எங்கப்பா இருந்தீங்கன்னு இதோட நாலாவது தடவை கேட்டிருக்கே. ஒவ்வொரு தடவையும் நான் மழை பெய்யுது, பக்கத்து வீட்ல கல்யாணம்னு எழுதி ஒப்பேத்திட்டேன். நர்ஸ் வேலை பாக்குற பொண்ணு நீ, அப்பன் ஒப்பேத்துறது உனக்குத் தெரியாமலா இருக்கும். இந்தத் தடவை சொல்லிடுறேன். ஆனா தோட்டத்துச் செம்மண் ரோட்ல லோரி ஓட்டினவன், குழி பாத்து வளைஞ்சு வளைஞ்சுதான் வருவேன், பொறுத்துக்க.

முதல்ல மண்டோர் கதையைக் கேளு. வாலைத் தூக்கிக்கிட்டு ஒவ்வொரு ரூமா மேற்பார்வை பாக்குதுன்னு அந்தப் பூனைக்கு அம்மாதான் பேர் வெச்சா. முப்பது வருஷம் தோட்டத்துல வேலையை மேய்க்கிற மண்டோர்கிட்ட ஏச்சு வாங்கி பாலுக்கு ரப்பர் மரம் வெட்டினவளுக்கு, வீட்ல ஒரு மண்டோரை வெச்சு அதட்டணும்னு ஆசை. இந்த வருஷம் பொங்கல் கழிச்சு அது இளைக்க ஆரம்பிச்சுது. குளியலறை வாளித் தண்ணி பூரா அதுதான் குடிக்குது, பின்னங்காலைத் தரையில பதிச்சுத் தேய்ச்சு நடக்குது, ஒண்ணுக்கு இருந்த இடத்துல எறும்பு மொய்க்குது. எறும்பைப் பாத்ததும் எனக்குப் புரிஞ்சு போச்சு, உங்க அம்மாவுக்கும் சீனி வியாதியை நாம இப்படித்தானே கண்டுபிடிச்சோம். காய்கறி வாங்கப் போற பாசார் கூடையில போட்டு மேல துண்டைக் கட்டி பஸ் ஏறி கிள்ளான்ல மிருக டாக்டர்கிட்ட காட்டினேன், வழி நெடுக அது கத்தின கத்துக்கு கண்டக்டர் என்னை முறைச்சுக்கிட்டே வந்தான். டாக்டர் ஒரு சீனத்தி அம்மா. பூனைக்கும் நீரிழிவு வரும் அங்கிள், ஒண்ணு தினம் ஊசி போடணும், இல்லன்னா வலிக்காம தூங்க வெச்சுடலாம்னு சொன்னா. வீட்ல யாரெல்லாம் இருக்கீங்கன்னு கேட்டா. நானும் இதுவும்தான்னேன். அதுக்கப்புறம் அந்த ரெண்டாவது வழியைப் பத்தி அவ பேசவே இல்லை. நம்ம தோட்டத்து ஆஸ்பத்திரியில டிரஸ்ஸரா இருந்தாரே தனபாலன், இப்ப பின் ரோட்லதான் குடியிருக்கார், அவர்தான் கழுத்துத் தோலைத் தூக்கிப் பிடிச்சு ரெண்டு கோடு மருந்து போடச் சொல்லிக் குடுத்தார். முதல்ல தீனி, அப்புறம் ஊசின்னு நூறு தடவை சொல்லியிருப்பார். முதல் வாரம் ஊசியைத் தோலுக்குள்ள இறக்கத் தெரியாம பாதி மருந்து என் கைலியிலதான் போச்சு. அம்மா பத்து வருஷம் தனக்குத்தானே குத்திக்கிட்டா கலா, ஒரு நாள் கை வலிக்குது நீங்க போட்டு விடுங்கன்னு கேட்டதுக்கு வாசல்ல யாரோ கூப்பிடுறாங்கன்னு ஓடினவன் நான். இப்ப ஐஸ்பெட்டியில அவ மருந்து வெச்ச அதே மூலையில மண்டோர் மருந்து இருக்கு. காலையில ஏழு மணிக்கு வா ராசா, வா மண்டோர், ஒண்ணும் செய்யாதுன்னு அதுகிட்டப் பேசுறேனே, சில நாள்ல நான் வாயைத் திறக்கிறது அந்த ஒரு நேரம்தான். மத்த நேரம் ரேடியோதான் பேசும்.

சனிக்கிழமைக்கு வரேன். போன வருஷம் தீட்டுன்னு விட்டுட்டோம், இந்த வருஷமாவது அவ போட்ட மாதிரி புரட்டாசி தளிகை போடணும்னு ரெண்டாவது சனிக்கு நானே அடுப்படியில இறங்கினேன். எழுந்ததும் குளிச்சுட்டு, தளிகை அவசரத்துல முறையை மாத்தி ஏழு மணிக்கு மண்டோருக்கு ஊசியை முதல்ல போட்டுட்டேன். அப்புறம் அதோட மீனை எடுக்கப் போகையில அவ சட்டம் ஞாபகம் வந்துச்சு. கோவிந்தா சொல்லிப் படைக்கிற வரைக்கும் இந்த வீட்ல ஒரு வாயும் அசையக் கூடாதுன்னு சொல்லுவாளே, உன்னையே பத்து வயசுல வடைக்காக அழ விட்டிருக்காளே. பூனையும் இந்த வீட்டு வாய்தானேன்னு மீனைத் திருப்பி வெச்சுட்டேன். அம்மா ஒன்பது மணிக்குப் படைச்சுடுவா, எனக்கு அந்தக் கை ஏது. உளுந்துல தண்ணி கூடிப் போய் வடை வட்டமா வரலை, சக்கரைப் பொங்கல் அடிப்பிடிச்சு மறுபடியும் முதல்லேர்ந்து வெச்சேன். மண்டோர் காலைச் சுத்திச் சுத்திக் கத்துச்சு. பொறு லா, பெருமாளே பொறுத்துக்கிட்டு இருக்கார், உனக்கென்ன அவசரம்னு அதட்டினேன். பதினோரு மணி வாக்குல கத்தல் நின்னு போச்சு. அடங்கிடுச்சுன்னு நினைச்சேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும். இலை போட்டுட்டுத் திரும்பிப் பாத்தா சாமி மேசைக்குக் கீழ ஒருக்களிச்சுக் கிடக்கு, வாயில எச்சி வழியுது, காலு வெட்டி வெட்டி இழுக்குது, கண்ணு திறந்திருக்கு ஆனா என்னைப் பாக்கலை. அப்படியே தூக்கிக்கிட்டு செருப்பு கூடப் போடாம பின் ரோட்டுக்கு ஓடினேன். டிரஸ்ஸர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், தின்னுச்சான்னு. இல்லைன்னேன். சீனியைத் தண்ணியில கெட்டியாக் குழைச்சு விரல்ல தொட்டுத் தொட்டு ஈறுல தேய்ச்சார், பிறகு என்னையே தேய்க்கச் சொன்னார். கால் மணி நேரம் இருக்கும், தலையைத் தூக்கி என் விரலைக் கடிச்சுது. ஒரு கடிக்காக அழுதவன் இந்தக் கோலா சிலாங்கூர்ல நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

அப்பதான் அவர் விளக்கினார். ஊசி சீனியை இறக்கும், வயித்துல சோறு இல்லன்னா இறங்கிக்கிட்டே போகும், மனுஷனுக்கும் இதேதான், முதல்ல வியர்த்துக் கொட்டும், அப்புறம் சம்பந்தமில்லாமப் பேச்சு வரும், அப்புறம் தூங்குற மாதிரி இருக்கும்னார். வியர்வைன்னு சொன்னதுமே நான் அவர் வீட்டுப் படியில உக்காந்துட்டேன். கலா, அம்மா அன்னிக்கு ஊசி போட்டுக்கிட்டா. பசியாறலை. மூணாவது சனிக்கு நிறைய செய்யணும்னு விடியலேர்ந்து அடுப்படியிலயே நின்னா, நேரம் ஆயிடுச்சு. பத்து மணிக்குக் கீழ உக்காந்து தலையைச் செவுத்துல சாய்ச்சா. ரவிக்கை தொப்பலா நனைஞ்சிருந்துச்சு. கலா ஸ்கூல் விட்டு வந்துட்டாளான்னு என்னைக் கேட்டா. நீ லண்டன் போயி அப்ப நாலு வருஷம். வெறும் வயித்துல உளர்றான்னு நான் சிரிச்சேன்மா. படுன்னு சொல்லிப் பாயை விரிச்சு காத்தாடியைத் தட்டி விட்டேன். அப்புறம் என்ன செஞ்சேன்னு எல்லாரும் கேட்டப்ப வாழை இலை வாங்கப் போனேன்னு சொன்னேன். இலைக்குப் போகலை. எனக்குப் பசி. அவ தூங்குறா, தெரியப் போறதில்லைன்னு பஸ் ஸ்டேஷன் கோப்பிக் கடையில உக்காந்து மீன் உருண்டை போட்ட மீ நூடுல்ஸ் சாப்பிட்டேன், ரெண்டாவது கோப்பியும் குடிச்சேன். திரும்பி வந்தப்ப மண்டோர் அவ காலடியில படுத்திருந்துச்சு, அவ எழுந்திருக்கலை. ஆஸ்பத்திரியில சீனி ரொம்பக் குறைஞ்சு போச்சுன்னு சொன்னாங்க, சீனி வியாதிக்காரிக்குச் சீனி குறைஞ்சா நல்லதுதானேன்னு நினைச்ச மடையன் நான். நெஞ்சு வலின்னு உனக்குத் தந்தி குடுத்ததும் நான்தான். நம்ம அடுப்புக்குப் பக்கத்துல அவ சக்கரைப் பொங்கலுக்கு வாங்கின சீனி ரெண்டு கிலோ பிரிக்காம இருந்துச்சு. ஒரு கரண்டி போதுமாம்.

இதைப் படிக்கும்போது உனக்கு என் மேல என்ன வரும்னு தெரியலை. திட்டு. வயசான மனுஷன்னு பாக்காம நாலு பக்கம் திட்டி எழுது, எழுத்துக் கூட்டி ஒரு வரி விடாம படிப்பேன். எழுதாம மட்டும் இருந்துடாதே. இந்த வீட்ல பேசாம இருக்கிறதுக்கு ஏற்கெனவே நானும் மண்டோரும் இருக்கோம். அவ கடைசியாக் கேட்ட கேள்வி உன்னைப் பத்தித்தான், அதை ரெண்டு வருஷம் உன்கிட்டேர்ந்து ஒளிச்சு வெச்சேன், அதுக்குத்தான் எனக்கு ரொம்ப வெக்கமா இருக்கு. வர்ற சனி மூணாவது சனி. தளிகை போடுவேன். ஆனா காலையில முதல்ல மண்டோருக்கு மீன், அப்புறம் எனக்கு ரெண்டு ரொட்டி, அப்புறம்தான் பெருமாள். அவர் காத்திருக்கட்டும், அன்னிக்கு உங்க அம்மா காத்திருந்தாளே.

நீ நோய் நொடி இல்லாம, நல்ல மனுஷங்க சூழ நூறு வயசு இருக்கணும். காலையில வேலைக்கு ஓடுறப்ப வெறும் வயித்தோட போகாதே, பஸ் போனா அடுத்த பஸ் வரும், பசியாறிட்டுப் போ. பசியாறினேன்னு ஒரு வரி எழுதிப் போடு.

இப்படிக்கு,
உன் அப்பா உடையப்பன்