கொடிப்பசலைக்கு ஒரு கம்பு

தம்பிக்கு,

நீ கடையிலிருந்து வரும்வரை காத்திருந்தால் கத்திவிடுவேன். அதனால் இதை எழுதி டிவி மேல் வைத்துவிட்டுப் போகிறேன்.

குடும்ப குரூப்பில் நீ போடும் கொடிப்பசலைப் படங்களை எல்லோரும் மெச்சினார்கள். நானும்தான். இன்று சங்கரன்கோவிலுக்கு வந்து, கொல்லையில் அந்தக் கொழுத்த இலைகளை விலக்கிப் பார்த்தால், உள்ளே நிற்பது அப்பா பிடித்து நடக்க நான் வாங்கிக் கொடுத்த வாக்கர்.

உன் பெண்டாட்டியிடம் கேட்டேன். "மாமா எந்திரிக்கவே மாட்டாகளே மதினி, அது சும்மாதான கெடக்கு" என்கிறாள்.

கொடிக்கு வெயில் படாமல் பச்சை வலை, வேருக்கு வாழைத்தோல் ஊறிய தண்ணீர். அப்பாவின் போர்வையை முகர்ந்து பார்த்தேன். அதைப் பற்றி எழுத மாட்டேன். மதியம் அந்தக் கீரையைத்தான் கூட்டு வைத்துப் பரிமாறினாள். வழுவழுவென்று தொண்டையில் நின்றது. வெளியே போய்த் துப்பினேன்.

நான் அரிவாளோடு போனதை அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். "வெட்டாத தாயி, நல்லா படர்ந்திருக்குல்லா. எனக்கு எதுக்கு அது?" என்றார்.

வெட்டினேன். வாக்கரைத் தேய்த்துக் கழுவியும் பசலைப்பழத்தின் ஊதாக் கறை போகவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று, வாசலில் நிற்கும் கார்வரை அப்பா நடந்துவிட்டார். சிவகிரிக்கு, என் வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன்.

கொடியின் வேரைப் பிடுங்கவில்லை. திரும்பத் துளிர்க்கும். கம்பு நட்டு ஏற்றிவிடு. அதையாவது நன்றாகப் பார்த்துக்கொள்.

உன் அக்கா