நார்த்தங்காய் ஜாடி பாதியான விவரம்

மருமகள் அன்புக்கரசிக்கு,

பழநி மலைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டுச் சொல்கிறேன், இதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை.

ஞாயிறன்று வரும் உன் அக்காளுக்காக நீ போட்ட நார்த்தங்காய் ஊறுகாய் பாதியானதற்கு உன் மகள் பொன்னழகுதான் காரணம். ஒன்றேகால் வயதுப் பிள்ளை, நேற்று முக்காலி போட்டு ஏறி, ஜாடித் துணியை அவிழ்த்து, "ஏலே தாத்தா, உப்புப் பிடிச்சிருக்கான்னு கடிச்சுப் பாரு" என்று அதட்டினாள்.

"டாக்டரு ஊறுகாயே ஆகாதுன்னுட்டாரே ஆத்தா" என்றேன்.

"டாக்டரு பெருசா, நான் பெருசா?" என்றாள். பிள்ளை மனசு நோகக்கூடாதே என்று தின்றேன்.

புளிக்குழம்பு அடுப்பில் இருக்கிறது. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வேண்டுமென்று மீதி ஊறுகாயை எடுத்துவிடாதே, அக்காள் வருகிறாள்.

மாமா

பி.கு.: தொப்பம்பட்டியில் உன் அம்மா வீட்டுக்குப் போய்ப் பொன்னழகைக் கூட்டி வருகிறேன். நீ ஊறுகாய் போடுவதற்கு முந்தின நாளே போன பிள்ளை.