டிவியில் அடித்த மணி

இன்று காலை கடைக்குக் கிளம்பும் முன் டிவித் திரையைத் துடைத்தேன். கீழ் ஓரத்தில் வரிசையாக ஈரத் தடங்கள். உன் நாய் கோப்பியின் மூக்குதான். நேற்றும் துடைத்தேன், முந்தாநாளும் துடைத்தேன். இன்று மட்டும் ஏனோ துடைத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் மூன்று சுற்று சுற்றினேன். உட்கார்ந்தேன், எழுந்தேன், ஏற்கெனவே வாரிய தலையை மறுபடி வாரினேன். கடைசியில் கடைக்குப் போன் போட்டு, வரத் தாமதமாகும் என்று சொல்லிவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ போனதிலிருந்து உன்னிடம் சொல்லாமல் வைத்திருக்கிற ஒன்று இருக்கிறது. சொல்கிறேன், கொஞ்சம் பொறு.

நாய்க்குட்டியாக அதை நீ கொண்டுவந்தபோது உன் வீட்டில் பழைய டப்பா டிவிதான் இருந்தது. பால் கலந்த கோப்பி நிறம், அதனால் பெயரும் கோப்பி. கிளினிக் வேலைக்குப் போகும்போது துணைக்கு இருக்கட்டும் என்று டிவியைப் போட்டு வைத்துவிட்டுப் போவாய். நான் சிரிப்பேன். பழைய டிவியில் நாய்க் கண்ணுக்குப் படமே ஓடாது, கெட்டுப்போன டியூப்லைட் மாதிரி மினுக்கி மினுக்கித்தான் தெரியும், புது டிவியில்தான் அசைவு ஒழுங்காகத் தெரியும் என்று விளக்கினேன். தேக்கா கடைத்தெருவில் டிவி விற்கும் கடையில் இருபது வருடமாக நிற்பவள் நான். என் பேச்சில் பாதி விற்பனைப் பேச்சு என்று பள்ளிக்கூட நாளிலிருந்து என்னைத் தெரிந்த உனக்கா தெரியாது? தெரிந்தும் வாங்கினாய்.

புது டிவி வந்த அன்று விளம்பரத்தில் ஒரு வெள்ளை நாய் ஓடியது. கோப்பி திரையில் மூக்கை வைத்து அழுத்தியது. பிறகு அந்த நாய் எங்கே போனது என்று அலமாரிக்குப் பின்னால் நுழைந்து தேடி, தலை முழுக்கத் தூசியோடு வெளியே வந்து தும்மியது. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நாய்க்குச் சிவப்பும் பச்சையும் சரியாகத் தெரியாது, நீலமும் மஞ்சளும்தான் தெரியும் என்று இன்னொன்றையும் சொல்லி வைத்தேன். மறுவாரத்திலிருந்து வீட்டில் நீல நைட்டியாகவே தேடித் தேடி உடுத்த ஆரம்பித்தாய். உன்னிடம் எதையும் சொல்லக்கூடாது.

அப்புறம் கொவிட் வந்தது. மாதா கோயிலை மூடினார்கள், உன் ஞாயிற்றுக்கிழமைப் பூசை டிவிக்கு வந்தது. மூன்று வீடு தள்ளி இருக்கும் நானே எட்டிப் பார்க்க யோசிக்க வேண்டிய காலம். ஆனாலும் முகக்கவசத்தோடு உன் வாசலில் நின்று பேசிவிட்டுப் போவேன். ஒரு ஞாயிறு அப்படி நிற்கும்போதுதான் பார்த்தேன். டிவியில் சாமியார் அப்பத்தை உயர்த்தினார், மணி அடித்தது, நீ முழந்தாளில் நின்றாய், கோப்பி வாலை ஆட்டிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தது. உன் இரும்புக் கேட்டில் கட்டியிருந்த குட்டி வெண்கல மணிக்கும் அதே சத்தம். யாரோ வந்திருக்கிறார்கள் என்று அது நினைத்துக்கொண்டது. நீ மட்டும் ஒத்துக்கொள்ளவே இல்லை.

"நீ டிவி விக்கிறவ, உனக்கு வேற என்னடி தெரியும்? ஆண்டவர் வர்றாரு, அது வாசல்ல போய்க் கூப்பிடுது லா" என்றாய்.

பார்சல்காரன் என்று நினைக்கிறது என்றேன் நான். வாராவாரம் அதே சண்டை. அந்தச் சண்டைக்காகவே ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு உன் வாசலில் ஆஜராவேன் என்பதை உன்னிடம் சொன்னதில்லை.

உனக்கு வந்தது கொவிட் இல்லை, இதயம். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது கோப்பியை என் கையில் கொடுத்து, "ரெண்டு நாள்தான். நீ பாட்டுக்கு வேலைக்குப் போ, டிவியப் போட்டு வச்சா அது பாட்டுக்குக் கெடக்கும்" என்றாய். மூன்றாம் நாள் உன் தம்பி போன் செய்தான்.

உன் இறுதிப் பூசைக்குக் கோயிலுக்குள் இத்தனை பேர்தான் என்று கட்டுப்பாடு இருந்த நேரம். சொந்தக்காரர்களிலேயே பலரை விட்டுவிட்டு உன் தம்பி என் பெயரைப் பட்டியலில் சேர்த்திருந்தான். நான் வரவில்லை என்றேன். கோப்பியைத் தனியாக விட முடியாது, ஊளையிடும், பக்கத்து வீட்டில் புகார் கொடுப்பார்கள் என்று மளமளவென்று அடுக்கினேன். சரி அக்கா, டிவியில் பார்க்க லிங்க் அனுப்புகிறேன் என்றான்.

இதுதான் நான் சொல்ல வந்தது. அது பொய். அந்த நாய் என்றைக்கும் ஊளையிட்டதில்லை. உன்னைப் பெட்டிக்குள் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. டிவியில் என்றால் தூரமாக, சின்னதாக இருப்பாய், தாங்க முடியாவிட்டால் அணைத்துவிடலாம் என்று நினைத்தேன். நாற்பது வருடச் சிநேகிதியை ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வழியனுப்ப உட்கார்ந்தேன்.

கேமராவை எங்கோ உயரத்தில் மாட்டியிருந்தார்கள். பெட்டி தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. பக்கத்தில் நீலச் சேலையில் உன் படம். கோப்பியைத் தூக்கித் திரைக்கு நேராகப் பிடித்தேன், பார் பார் என்றேன். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. வாசனை இல்லாத எதையும் அது நம்புவதில்லை. இறங்கிப்போய் சோபாவுக்கு அடியில் படுத்துக்கொண்டது. அப்போது மணி அடித்தது.

ஒரே பாய்ச்சலில் என் கதவடிக்குப் போய்விட்டது. நகத்தால் பிறாண்டியது, வால் நிற்கவே இல்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அது நின்ற நிற்பைப் பார்க்கப் பொறுக்காமல் எழுந்து கதவைத் திறந்துவிட்டேன். காரிடாரில் யாரும் இல்லை. அது இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, நேரே உன் வீட்டுக்கு ஓடிப் பூட்டியிருந்த கேட்டுக் கம்பிகளுக்கிடையில் மூக்கை நுழைத்துக்கொண்டு உட்கார்ந்தது. கூப்பிட்டேன், வரவில்லை. தூக்கினேன், என்னைப் பார்த்து உறுமியது. நானும் அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். என் வீட்டிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது, அப்புறம் ஜெபம், அப்புறம் ஒன்றுமில்லை. நேரிலும் வரவில்லை, டிவியிலும் முழுசாகப் பார்க்கவில்லை.

மண்டாய் தகனச்சாலையில் எல்லாம் முடிந்து சாயங்காலம் உன் தம்பி வீட்டைத் திறக்க வந்தபோதும் நாங்கள் அங்கேதான் இருந்தோம். நான் எழுந்து மறுபடி நாயைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவன் சாவியைத் தேடிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"அவ தெனமும் டிவியப் போட்டுட்டுத்தானே வேலைக்குப் போவா. கோப்பி தனியா இருக்கும்னு எனக்குத் தெரியும்க்கா. உங்களால வர முடியல, அவ்ளோதான். பரவால்ல."

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். எனக்கு அது நன்றாக வரும். அவன் என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து மைலோ கலக்கிக் கொடுத்தான். அன்றே அக்காவைப் பறிகொடுத்தவன் எனக்கு ஆறுதல் சொன்னான். நாயை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றான்.

கோப்பிக்கு முகமெல்லாம் நரைத்துவிட்டது. நான் வேலைக்குப் போனால் எட்டு மணி நேரம் தனியாகக் கிடக்கிறது, ஒரு சத்தம் இல்லை, ஒரு புகார் இல்லை. சாயங்காலம் வந்து அதன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் பொய் ஞாபகத்துக்கு வருகிறது. கொஞ்ச நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து ஒரு நிகழ்ச்சி பார்க்க முடிவதில்லை. டிவி விற்கிறவளுக்கு இந்த நிலைமை.

இப்போதெல்லாம் சாவு என்றால் நேரில் போய்விடுகிறேன். லிங்க் அனுப்பினால் திறப்பதில்லை. பஸ் பிடித்துப் போய், கூட்டத்தை விலக்கிக்கொண்டு, பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறேன். முதலாளியின் அம்மா, எதிர் புளோக் கட்டடத்துச் சீனத்து ஆன்டி, பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஒரு வாடிக்கையாளர். குனிந்து பார்க்கிறேன். எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டேன், உன் முகத்தைத் தவிர.