பத்துக்குப் பத்துப் பொருத்தம்

ஒக்டோபர் 8, 2024
வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றவில்லை, வாசலில் இந்திரா மச்சாள், அண்ணையின் மனுசி. பதினொரு வருஷத்துக்குப் பிறகு, ஒரே நகரத்துக்குள், ரொக்ஸ்பரோவிலிருந்து பார்க் எக்ஸ்டென்ஷனுக்கு வழி தெரிந்திருக்கிறது! அண்ணைக்கு லுகேமியாவாம். சகோதரம் இருக்கோ என்று ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, ஒருத்தருமில்லை என்று எழுதிக் கொடுத்தாராம். மூன்று மாதம் உலகமெல்லாம் தேடியும் பொருந்துகிற ஸ்டெம் செல் கிடைக்கவில்லை.

"அவருக்குத் தெரியாமல் வந்தனான், சாம்பவி" என்று அழுதா.

இல்லாத தங்கச்சியிட்டை ஏன் வந்தனீங்கள் என்று கேட்டேன். நல்லாக் கேட்டேன்.

ஒக்டோபர் 11
இரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். பொருந்துதோ என்று பார்க்க மட்டும்தான்.

அம்மாவின் மரண அறிவித்தலில் பிள்ளை என்று தன்ரை பெயரை மட்டும் போட்டவர் அண்ணை. நான் செய்த குற்றம் றெனேயைக் கட்டினது. பொலிவியாவில் நாலாயிரம் மீற்றர் உயரத்து ஊரில் பிறந்த மனுசன். "மலைக்குரங்கு" என்றார் அண்ணை. அந்தக் குரங்கு இண்டைக்கு டோர்வல் கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டு வந்து அரைகுறைத் தமிழில் கேட்குது: "எங்கட மலைச் சனத்துக்கு இரத்தம் தடிப்பு. நான் குடுக்கலாமோ?"

விசர் மனுசன்.

ஒக்டோபர் 29
பத்துக்குப் பத்துப் பொருத்தமாம்! என் கலியாணத்தில் ஒரு பொருத்தமும் இல்லை என்றவருக்கு.

மச்சாளிடம் சொல்லிவிட்டேன். நவம்பர் 14 அம்மாவின் மூன்றாம் ஆண்டு நினைவஞ்சலி பேப்பரில் வரும். மகள் சாம்பவி, மருமகன் றெனே, இரண்டு பெயரும் இருக்கவேண்டும். அண்ணையே எழுதிக் கொடுக்கவேண்டும். அதுக்குப் பேந்துதான் ஸ்டெம் செல் குடுக்கிறது.

நவம்பர் 4
ஆஸ்பத்திரியில் எனக்குப் பரிசோதனை. தடிமன், இருமல் என்று பொய் சொல்லிப் பின்போட்டேன். கிடக்கட்டும்.

நவம்பர் 14
வந்திருக்கிறது. மகள் சாம்பவி. மருமகன் இல்லை.

தடிமன் மாறவில்லை என்று ஆஸ்பத்திரிக்கு மறுபடி போன் அடித்துச் சொன்னேன். மச்சாள் போனில் கத்தினா: "பிள்ளை, அவருக்கு நாள் இல்லை!"

எனக்கு உள்ளுக்குள் இனித்தது. ஓம், இனித்தது. வேறு எங்கே இதைச் சொல்ல?

நவம்பர் 21
திரும்பப் போட்டிருக்கிறார்கள், இரண்டு பெயரோடும். வெட்டிக் குசினியில் அடுப்புப் பக்கச் சுவரில் ஒட்டினேன். றெனே அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "நீ எப்ப போறாய்?" என்று மட்டும் கேட்டார்.

டிசம்பர் 3
இரண்டாவது ஊசி. எலும்புக்குள் இருக்கிற செல்களை இரத்தத்துக்கு இறக்குகிற ஊசி. வெள்ளிக்கிழமை மெசினில் எடுப்பார்கள். இடுப்பும் நெஞ்செலும்பும் விண் விண்ணென்று வலிக்கிறது. அண்ணைக்குக் காய்ச்சலாம்.

டிசம்பர் 5
அண்ணை போன் எடுத்தார்.

"ஊசி நோகுதோ?"

அவர் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. பிறகு அவரே வைத்துவிட்டார். ஏன் பேசாமல் இருந்தேன்? நாளைக்குக் கொடுத்துவிட்டுக் கதைக்கலாம் என்று இருந்திட்டன்.

டிசம்பர் 6
வெளிக்கிட்டுக் கோட்டும் போட்ட பிறகு தாதி அழைத்தா. வரத் தேவையில்லையாம். அண்ணை விடியப்புறம் போய்விட்டார். காய்ச்சலைத் தாங்க உடம்பில் ஒன்றும் இருக்கவில்லை.

"ரெண்டு கிழமை முந்தியெண்டால்—" என்று மச்சாள் தொடங்கினா.

எடுக்காத செல்கள் தானாகக் குறைந்துவிடுமாம். எலும்பு நோவும் ரெண்டு மூன்று நாளில் போய்விடும், அதுவரை குளிசை போடுங்கோ என்றா தாதி.

றெனே தண்ணீரும் குளிசையும் கொண்டுவந்து வைத்தார். நான் எடுக்கவில்லை.